ஸ்டோர்ஸிலிருந்து வந்தவர்கள்

1990-களின் தொடக்கத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குள் ஓர் இரும்பு ராடு நுழைந்தால் அதற்கு ஐந்தாறு இடங்களில் பதிவு விழும். வாசலில் வாட்ச்மேனின் உள்வரவு நோட்டு. ஸ்டோர்ஸில் சரக்கு வரவுச் சீட்டான ஜிஆர்என், இருப்பு எழுதும் பின் கார்டு, கார்டெக்ஸ். எக்ஸைஸ் பிரிவில் ஆர்ஜி-23ஏ பதிவேட்டின் முதல் பாகத்தில் அதன் அளவு, இரண்டாம் பாகத்தில் அதன்மேல் கட்டிய வரிக்கான மோட்வாட் வரவு. பில் பாஸிங் பிரிவில் பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஆர்என், சப்ளையர் பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிக் போட்ட பிறகுதான் பணம் கிளம்பும். ராடு அறுபட்டு, லேத்தில் கடையப்பட்டு, ஷாஃப்ட்டாக வெளியே போகத் தயாரானதும் ஆர்ஜி-1 பதிவேட்டில் ஏறும். கட்ட வேண்டிய மீதி வரி பிஎல்ஏ கணக்கில் கழியும். மாதக் கடைசியில் இவை எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி அந்த ஷாஃப்ட்டின் அடக்கவிலை என்ன என்று சொல்ல வேண்டியது காஸ்டிங் பிரிவு. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தப் பிரிவில்தான். ஐசிடபிள்யூஏ இன்டர் முடித்து, ஃபைனலுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கம்பெனியின் எல்லாக் கணக்குகளையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருளுக்கு ஈஆர்பி என்று பெயர். சென்னையில் ஈஆர்பி கன்சல்டிங் என்ற தொழில் வளர்ந்த வரலாற்றைச் சொல்பவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்குகிறார்கள். டைடல் பார்க், ஓஎம்ஆர், விசா வரிசை என்று கதை போகும். எனக்குத் தெரிந்த வரலாறு மேலே சொன்ன பதிவேடுகளிலிருந்து தொடங்குகிறது. இந்தத் தொழிலின் முதல் தலைமுறையைத் தாங்கியவர்களில் பெரும்பகுதி வேறு தொழிலிலிருந்து மாறி வந்தவர்கள். ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், எக்ஸைஸ், புரொடக்ஷன் பிளானிங், காஸ்டிங் என்று தொழிற்சாலையின் உள்பிரிவுகளில் பத்துப் பதினைந்து வருடம் கழித்தவர்கள். அவர்களோடு வந்த அறிவை எந்த மென்பொருள் வகுப்பிலும் யாரும் கற்றுத்தரவில்லை. அவர்களில் பலர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்கள் செய்தது என்ன என்பது பதிவாகாமல் போய்விடக் கூடாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த வகை மென்பொருளே தொழிற்சாலைத் தளத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவின் ஜே.ஐ. கேஸ் டிராக்டர் கம்பெனியில் 1960-களில் ஜோசப் ஆர்லிக்கி என்பவர் உற்பத்திக் கட்டுப்பாட்டைக் கவனித்துவந்தார். அதுவரை உலகெங்கும் ஸ்டோர்ஸ்காரர்கள் சரக்கு ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் ஆர்டர் போடுவார்கள், அவ்வளவுதான் முறை. ஆர்லிக்கி கணக்கை மேலிருந்து கீழாகப் போட்டார். நூறு டிராக்டர் செய்ய வேண்டுமென்றால் நானூறு சக்கரம் வேண்டும். கையிருப்பு அறுபது, வழியில் இருப்பது நூறு என்றால் மீதி இருநூற்று நாற்பதுக்கு எந்தத் தேதிக்குள் ஆர்டர் போட வேண்டும்? இதையே சக்கரத்தின் பாகங்களுக்கும், அந்தப் பாகங்களின் பாகங்களுக்கும், கடைசி போல்ட் வரை இறங்கிப் போடுவதுதான் எம்ஆர்பி. 1975-ல் அவர் இதைப் புத்தகமாக எழுதினார். எம்ஆர்பியோடு இயந்திரத் திறனும் நிதிக் கணக்கும் சேர்ந்து எம்ஆர்பி-2 ஆனது. 1990-ல் கார்ட்னர் நிறுவனம் அதற்கெல்லாம் சேர்த்து ஈஆர்பி என்று பெயர் சூட்டியது.

ஜெர்மனியில் நடந்ததும் இதே போன்றதுதான். 1972-ல் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ஐந்து பேர், டீட்மார் ஹாப், ஹாஸோ பிளாட்னர், கிளவுஸ் ட்ஷிரா, ஹான்ஸ் வெர்னர் ஹெக்டர், கிளவுஸ் வெல்லன்ராய்தர் ஆகியோர், வேலையை விட்டு வைன்ஹைம் ஊரில் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை. ஐசிஐ கம்பெனியின் நைலான் ஆலை ஆஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் இருந்தது. அந்த ஆலையின் கம்ப்யூட்டரில், பெரும்பாலும் இரவு நேரங்களில், அந்த ஆலைக்கான கணக்குகளையே எழுதினார்கள். முதலில் நிதிக் கணக்கு, அடுத்துச் சரக்குக் கணக்கு. அன்றைய வழக்கப்படி துளை அட்டைகளில் சேர்த்து வைத்து இரவில் ஓட்டாமல், கணக்கு நடந்த அதே நேரத்தில் பதிவாக வேண்டும் என்பது அவர்களின் பிடிவாதம். மெயின்ஃபிரேமுக்கான ஆர்/2 பிறகு வந்தது. 1992-ல் வந்த ஆர்/3 தான் உலகைச் சுற்றியது. அதன் நிரல்களுக்குள் எழுதியவர்கள் போட்டுவைத்த குறிப்புகள் பல இடங்களில் ஜெர்மன் மொழியிலேயே இருந்தன. அம்பத்தூரில் உட்கார்ந்து அகராதி பார்த்து அவற்றைப் படித்தவர்களை எனக்குத் தெரியும்.

நம் ஊரில் கதை வேறு மாதிரி நடந்தது. சென்னை ஐஐடிக்கு 1973-லேயே ஐபிஎம் 370/155 வந்துவிட்டது என்றாலும் தொழிற்சாலைகளுக்குள் கம்ப்யூட்டர் என்றால் இடிபி டிபார்ட்மென்ட் என்ற குளிரூட்டிய அறையில் சம்பளப் பட்டியல் அடிக்கும் இயந்திரம்தான். 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அடுத்த பத்தாண்டுகளில் பிசி வந்தது. டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும் வந்தன. பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரத்துக்குச் சரிப்பட்டு வரும் கணக்கு மென்பொருள் கிடைக்காமல், மகன் பாரத் கோயங்காவை எழுதச் சொல்லி 1986-ல் தொடங்கியதுதான் பிறகு டேலி ஆனது. தமிழ்நாட்டில் பி.காம் படித்த எத்தனை லட்சம் பேருக்கு அது முதல் வேலை வாங்கித் தந்திருக்கும் என்று கணக்கிட முடியாது.

இதில் பெருமையோடு சொல்ல வேண்டியது ராம்கோ. ராஜபாளையத்தில் நூற்பாலையில் தொடங்கி சிமென்ட், ஆஸ்பெஸ்டாஸ் என்று வளர்ந்த ஒரு குழுமம் 1989-ல் தனக்குள்ளேயே ஒரு மென்பொருள் ஆராய்ச்சிப் பிரிவை வைத்து, 'மார்ஷல்' என்ற ஈஆர்பியை உருவாக்கியது. பி.ஆர். வெங்கட்ராம ராஜா முன்னின்று நடத்தியது அது. எஸ்ஏபி இந்தியாவில் அலுவலகம் திறந்த 1996-க்குப் பல வருடம் முன்பே சென்னையில் ஈஆர்பி எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதை இன்றைய கன்சல்டன்ட்கள் பலர் அறிந்திருக்கவில்லை. ஆலை நடத்தியவர்களுக்கு ஆலைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஜெர்மனியில் ஐசிஐ ஆலை செய்ததை இங்கே ராஜபாளையத்துக் குழுமம் தன் வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டது என்று நான் நினைக்கிறேன்.

1991-ன் பொருளாதாரத் தாராளமயமாக்கலுக்குப் பிறகு எல்லாம் வேகம் பிடித்தது. மறைமலை நகருக்கு ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும் வந்தபோது, அவர்களுக்குப் பாகம் சப்ளை செய்ய விரும்பிய சென்னைக் கம்பெனிகள் தேதி தவறாமல், அளவு தவறாமல் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கார்டெக்ஸ் பெட்டியை வைத்துக்கொண்டு அது முடியாது. ஒவ்வொரு கம்பெனியாக ஈஆர்பி வாங்கத் தொடங்கியது.

வாங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஆர்/3-ல் பெரும்பகுதி வேலை நிரல் எழுதுவதில் இல்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் 'உங்கள் கம்பெனியில் இது எப்படி?' என்று அது கேட்கும். பதில் சொல்ல வேண்டும். ஒரு பொருளின் இருப்பை நிர்ணய விலையில் மதிப்பிடுவதா, ஒவ்வொரு வரவுக்கும் மாறும் சராசரி விலையில் மதிப்பிடுவதா? எஸ் என்றோ வி என்றோ ஒரே ஓர் எழுத்துதான் போட வேண்டும். தவறிப் போட்டால் வருடக் கடைசியில் லாப நஷ்டக் கணக்கே புரண்டுவிடும். சரக்கு வந்து பில் வராமல் இருக்கும் இடைக்காலத்தில் அந்தத் தொகை எந்தக் கணக்கில் நிற்க வேண்டும்? நிராகரித்த சரக்குக்கு மோட்வாட் வரவை எப்போது திருப்ப வேண்டும்? கோபோலும் ஆரக்கிளும் கரைத்துக் குடித்த இளைஞர்கள் இந்தக் கேள்விகளின் முன்னால் திகைத்து நின்றார்கள். பில் பாஸிங் கிளார்க்குக்கு அவை தினசரி வேலை. அங்கேதான் 'ஃபங்ஷனல் கன்சல்டன்ட்' என்ற புது உத்தியோகத்துக்கு இடம் பிறந்தது.

அந்த இடத்துக்கு வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அங்கீகாரம் பெற்ற அகாடமியில் ஐந்து வாரப் படிப்பு, முடிவில் சான்றிதழ்த் தேர்வு. கட்டணம் லட்சங்களில். அன்றைக்கு ஒரு காஸ்ட் அக்கவுன்டன்ட்டின் வருடச் சம்பளமே அதைத் தொடாது. பிஎஃப்-ல் கடன் எடுத்தவர்கள், ஊரில் நிலத்தை ஒத்திக்கு விட்டவர்கள், மாமனாரிடம் கேட்டவர்கள் எல்லாரும் உண்டு. அது முடியாதவர்கள் ஹைதராபாத்தில் அமீர்பேட்டைக்கு ரயிலேறினார்கள். ஒரே தெருவில் பத்து சென்டர், கால்வாசிக் கட்டணத்தில் பாடம். இரண்டாவது வழி கோர் டீம். கம்பெனி ஈஆர்பி போடும்போது ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரைப் பிரித்து, வெளியிலிருந்து வரும் கன்சல்டன்ட்களோடு உட்கார வைப்பார்கள். நான் வந்தது அந்த வழியில். ஒரு வருடம் ஓடி முடிந்ததும் பழைய நாற்காலிக்குத் திரும்ப யாருக்கும் மனம் வரவில்லை. கம்பெனிகள் பாண்டில் கையெழுத்து வாங்கிப் பார்த்தன. பெரிய பலன் இல்லை.

பயிற்சிக்கு எஸ்ஏபி ஒரு மாதிரிக் கம்பெனியை மென்பொருளுக்குள்ளேயே வைத்திருந்தது. பெயர் ஐடெஸ். அதன் 1000 எண் ஆலை ஹாம்பர்க்கில் இருந்தது. அங்கே பம்பு செய்தார்கள். எங்கள் வகுப்பில் கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றில் பிளானிங் பார்த்தவர் ஒருவர் இருந்தார். பம்பின் பாகப் பட்டியலைத் திரையில் விரித்ததும் அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது.

"சார், கேசிங்கை வார்த்தா ரன்னரு, ரைசர்னு நெறைய இரும்பு மிச்சமாகுமுங்க. அதை ஒடச்சு மறுபடி ஃபர்னஸ்ல போடுவோம். அந்த இரும்பு இந்தப் பட்டியல்ல எங்கீங்க?"

பயிற்சியாளர் யோசித்துவிட்டு, "அதுக்கு மைனஸ் அளவுல ஒரு வரி போடணும். நல்ல கேள்வி சார், அதை நாளைக்குச் செஞ்சே பார்ப்போம்," என்றார். மறுநாள் முழுக்க அதுதான் பாடம். திரும்பி வரும் இரும்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒவ்வொரு கேசிங்கும் உண்மையைவிடக் கூடுதல் விலைக்கு அடங்குவதாகக் காட்டும். கோவையில் எந்த ஃபவுண்டரி முதலாளியும் அந்த விலையை நம்ப மாட்டார். அந்தப் பயிற்சியில் நான் கற்றதில் எனக்கு மிக உதவியது அந்த ஒரு நாள்.

ஒரு கட்ஓவரைப் பற்றியும் சொல்கிறேன். பழைய முறையை நிறுத்திப் புதியதைத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று நாட்களுக்குத்தான் கட்ஓவர் என்று பெயர். உற்பத்தி நிற்கும். ஸ்டோர்ஸ் முழுக்க எண்ணப்படும்; எண்ணிய இருப்பு 561 என்ற நகர்வு எண்ணில் மென்பொருளுக்குள் ஏறும். நான் கன்சல்டன்ட்டாகப் போன ஒரு தொழிற்சாலையில் ஈஎன்8 இரும்பு ராடு கிலோவில் வாங்கப்பட்டு, மீட்டரில் வெட்டப்பட்டு, எண்ணிக்கையில் இஷ்யூ ஆகும். மென்பொருளுக்கு இந்த மூன்று அளவுகளுக்கும் இடையே உள்ள விகிதத்தைச் சொல்ல வேண்டும். தரவு ஏற்றிக்கொண்டிருந்த இளைஞர் ஒரு மீட்டருக்கு ஒரு கிலோ என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருந்தார். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"தம்பி, 25 எம்எம் ராடு மீட்டருக்கு ஒரு கிலோவா?"

"பிறகு மாத்திக்கலாம் சார். சரியான வெயிட் எந்த ஃபைல்ல இருக்கும்?"

"ஃபைல் எதுக்குப்பா? விட்டத்தை விட்டத்தால பெருக்கு. 162-ஆல வகு. 625-ஐ வகுத்தா மூணு கிலோ எண்ணூத்தி அம்பத்தெட்டு கிராம்."

இரும்பின் அடர்த்தியையும் வட்டத்தின் பரப்பையும் சேர்த்து வகுத்தால் கிடைக்கும் எண் 162. இரும்புக் கடையில் எடை போடுகிறவர்களுக்கும் ஃபேப்ரிகேஷன் ஷாப் ஃபோர்மேன்களுக்கும் அது மனப்பாடம். அன்று இரவு அந்த சூப்பர்வைசர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு விட்டத்துக்கும் எடை சொல்லச் சொல்ல, இளைஞர் ஏற்றினார். ரவுண்டு ராடு முடிந்து ஹெக்ஸாகன், சதுரம் என்று போனது. சூப்பர்வைசருக்கு எஸ்எஸ்எல்சிதான் படிப்பு. அடுத்த சில வருடங்களில் அவரே சரக்கு நிர்வாகத்துக்கான எம்எம் கன்சல்டன்ட்டாகி, பல ஊர்களில் தொழிற்சாலைகளுக்கு ஸ்டோர்ஸ் முறையை அமைத்துக் கொடுத்தார். அவரைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டப்படிப்பு இல்லையே என்று தயங்கிய மேலாளர்கள், அவர் ஒரு முறை ஸ்டோர்ஸைச் சுற்றிவந்து பேசியதைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜெர்மன் மென்பொருளுக்கு இந்தியாவைக் கற்றுக்கொடுத்ததும் இப்படித் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள்தான். அம்பத்தூர், கிண்டி, பாடி என்று சென்னையின் உற்பத்தி முழுக்க ஜாப் ஒர்க்கில் ஓடுவது. பெரிய கம்பெனி ராடை அனுப்பும், பின் தெருவில் நான்கு லேத் வைத்திருப்பவர் கடைந்து கொடுப்பார், அங்கிருந்து ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போகும், அங்கிருந்து பிளேட்டிங்குக்கு. வெளியே போகும் சரக்குக்கு எக்ஸைஸ் விதிப்படி 57எஃப் சலான் போட வேண்டும். குறித்த காலத்துக்குள் சரக்கு திரும்பி வந்து சலான் அடைபட வேண்டும். அடைபடாவிட்டால் எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். வெளியாளிடம் சரக்குக் கொடுத்து வேலை வாங்குவது ஆர்/3-க்குத் தெரியும்; சலான் தெரியாது. ஆர்ஜி-1 தெரியாது, பிஎல்ஏ தெரியாது. முதலில் போட்ட கம்பெனிகள் தாங்களே தனி நிரல் எழுதி ஒப்பேற்றின. எக்ஸைஸ் கிளார்க் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பத்தியாக விளக்க, நிரலாளர் எழுதிக்கொள்வார். பிறகு எஸ்ஏபியே சின் என்ற இந்தியப் பதிப்பைக் கொண்டுவந்தது. உள்ளே வரும் எக்ஸைஸ் இன்வாய்ஸ், வெளியே போகும் இன்வாய்ஸ், பதிவேடு, 57எஃப்4 சலான் என்று எல்லாம் அதில் இடம்பெற்றன. ஒரு தேசத்தின் வரிச் சட்டத்தை ஒரு மென்பொருளுக்குள் எழுதி வைப்பது பெரிய அறிவு வேலை. அதற்கு மூலமாக இருந்தவர்கள் ரேஞ்ச் ஆபீஸுக்கும் தொழிற்சாலைக்கும் சைக்கிளில் அலைந்த எக்ஸைஸ் கிளார்க்குகள்.

கடந்து வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வர முடியாதவர்கள் அதிகம். கார்டெக்ஸ் எழுதியவர்கள், டைப்பிஸ்ட்கள், கம்ப்டோமீட்டர் ஓட்டியவர்கள் போன்றோருக்கு விஆர்எஸ் நோட்டீஸ் வந்தது. எந்த ஈஆர்பி திட்ட அறிக்கையிலும் 'பலன்கள்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரி ஆள் குறைப்பாக இருக்கும். அதை எழுதிக் கொடுத்தவர்களே நேற்று வரை அவர்களுக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் என்பது இந்தத் தொழிலின் வரலாற்றில் மறைக்கக் கூடாத உண்மை. பெண்களுக்கு இன்னொரு தடை இருந்தது. கட்ஓவர் என்றால் இரவு தங்க வேண்டும். புராஜெக்ட் என்றால் மாதக்கணக்கில் ஓசூரிலோ புனேயிலோ இருக்க வேண்டும். காஸ்டிங்கில் என்னோடு வேலை பார்த்த, என்னைவிடக் கணக்கில் கெட்டியான தோழிகள் வீட்டில் அனுமதி கிடைக்காமல் நின்றுபோனார்கள்.

வெளிநாட்டுக் கதவு திறந்தது 1998, 1999-ல். 2000-ம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கப் பழைய நிரல்களைத் திருத்துவதற்குப் பதிலாக மொத்தமாக ஈஆர்பிக்கு மாறிவிடலாம் என்று பல அமெரிக்கக் கம்பெனிகள் முடிவெடுத்தன. ஐரோப்பாவில் 1999-ல் யூரோ வந்தது. எச்1பி விசாவின் ஆண்டு வரம்பு 65,000-லிருந்து 1,15,000 ஆகி, பிறகு 1,95,000 வரை போனது. அண்ணா மேம்பாலத்தின் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் விடியற்காலை வரிசையில் நின்றவர்களில் வழுக்கை விழுந்த நாற்பது வயதுக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் பையில் காஸ்ட் ஆடிட் அனுபவச் சான்று இருந்தது.

அதே காலத்தில்தான் பெரிய தோல்விகளும் நடந்தன. 1999 ஜூலையில் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 11 கோடி டாலருக்கும் மேல் செலவழித்து எஸ்ஏபியையும் வேறு இரண்டு மென்பொருள்களையும் ஒரே நேரத்தில் ஓட்டத் தொடங்கியது. அக்டோபர் கடைசியில் ஹாலோவீன். அமெரிக்காவில் மிட்டாய் விற்கும் பருவம். கிடங்கில் சரக்கு இருந்தது, கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. எங்களுக்கு நடந்த கூட்டங்களில் இந்த உதாரணத்தைத் திட்ட நிர்வாகக் கோளாறு என்று விளக்குவார்கள். நான் அதை அப்படி மட்டும் பார்ப்பதில்லை. பண்டிகைக்கு மூன்று மாதம் முன்பு முறையை மாற்றாதீர்கள் என்று தீபாவளிக்கு முன்னால் எந்தப் பட்டாசுக் கடைக் கணக்கரும் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லக்கூடியவருக்கு மேஜையில் இடம் இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

2001-ல் டாட்காம் சரிவு. விசாவோடு போனவர்களில் கணிசமானோர் திரும்பினார்கள். மறு ஆண்டு அமெரிக்காவில் என்ரான் ஊழலின் விளைவாக சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்தது. பர்ச்சேஸ் ஆர்டர் போடுகிறவரும் பில் பாஸ் செய்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற பழைய தணிக்கைப் பாடம் திடீரென்று கோடிக்கணக்கான டாலர் வேலையாயிற்று. ஆடிட் ஆபீஸ்களில் ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தவர்களுக்கு அது இன்னொரு நுழைவாயில்.

இதற்குப் பிறகு நடந்த மாற்றத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய கம்பெனிகள் கல்லூரி வளாகத்திலிருந்து நூறு நூறு பேராக எடுத்து, மூன்று மாதப் பயிற்சி கொடுத்து, கன்சல்டன்ட் என்று அட்டை அடித்துக் கொடுத்தன. மணிக்கணக்கில் பில் போடும் வியாபாரத்துக்கு அது லாபம். அவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள். குறை அவர்கள்மேல் இல்லை. ஒரு ஜிஆர்என் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே ஜிஆர்என் திரையை அமைக்க அவர்களை உட்கார வைத்தார்கள். கூடவே சில ஊர்களில் போலி அனுபவச் சான்று தயாரித்துக் கொடுக்கும் கடைகள் முளைத்தன. வேறு தொழிலில் பத்து வருடம் உழைத்து வந்தவரின் அனுபவம் மென்பொருள் அனுபவம் இல்லை என்று கழிக்கப்பட, ஒருநாளும் தொழிற்சாலைக்குள் போகாதவரின் பொய் அனுபவம் ஏற்கப்பட்டது. நல்ல பெயர் சம்பாதித்து வைத்திருந்த தொழிலுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்திருக்க முடியாது.

வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி ஜோஹோ என்று பெயர் மாறிய சென்னைக் கம்பெனி, 2005 முதல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து உதவித்தொகை கொடுத்துக் கற்பித்தது. 2011-ல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பட்டம் இல்லாதவர்கள் வணிக மென்பொருள் எழுத முடியும் என்று அது காட்டியிருக்கிறது. தொழில் மாறி வரும் நடுவயதுக்காரர்களுக்கும் இதே போல ஒரு பள்ளி வேண்டும் என்பது என் ஆசை.

2017 ஜூலை 1 பழையவர்களைத் திரும்ப அழைத்தது. நள்ளிரவில் ஜிஎஸ்டி அமலானது. எக்ஸைஸ், சேவை வரி, 2007 முதல் நம் மாநிலத்தில் இருந்த வாட் எல்லாம் ஒரே இரவில் ஒன்றுக்குள் போயின. பழைய வரி அமைப்பில் ஓடிய கம்பெனிகள் புதிய அமைப்புக்கு மாறியாக வேண்டும். ஜூன் 30 அன்று கையில் இருக்கும் சரக்கில் அடங்கியிருந்த எக்ஸைஸ் வரவை எப்படி எடுத்துப் போவது? ஜாப் ஒர்க்குக்குப் போய் இன்னும் திரும்பாத சரக்குக்கு என்ன செய்வது? பழைய சலான் எத்தனை, எங்கே நிற்கிறது? சட்டத்தை வாசித்துச் சொல்ல ஆடிட்டர்கள் இருந்தார்கள். மென்பொருளைத் தட்ட இளைஞர்கள் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க, 57எஃப் காலத்து ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஜூன் மாதத்தில் என் தொலைபேசி ஓயவில்லை.

இப்போது இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2015-ல் வந்த எஸ்/4ஹானாவில் நிதிக் கணக்கும் அடக்கவிலைக் கணக்கும் ஒரே அட்டவணையில் பதிவாகின்றன. மாதம்தோறும் காஸ்டிங் லாபம் இவ்வளவு, நிதிக் கணக்கின் லாபம் இவ்வளவு, வித்தியாசம் ஏன் என்று பட்டியல் போட்ட வேலை பெருமளவு குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை; விடிய விடிய அந்தப் பட்டியலோடு மல்லாடியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். பழைய பதிப்புக்கான ஆதரவு 2027 கடைசியோடு முடியும் என்று எஸ்ஏபி அறிவித்திருப்பதால், கம்பெனிகள் எல்லாம் தங்கள் பழைய வீட்டை ஒழித்துக்கட்டிக் கிளம்புகின்றன. இருபத்தைந்து வருடத்தில் எழுதிச் சேர்த்த தனி நிரல்கள் ஒவ்வொரு கம்பெனியிலும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. எது வேண்டும், எது வேண்டாம்?

நான் ஆலோசனை சொல்லும் ஒரு கம்பெனியில் இந்த வேலைக்கு, ஓய்வு பெற்ற எக்ஸைஸ் அதிகாரி ஒருவரைச் சில மாதங்களுக்கு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பழைய பதிவேடு அடிக்கும் நிரல்களை மொத்தமாக நீக்கிவிடலாம் என்று திட்ட மேலாளர் பட்டியல் போட்டிருந்தார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் கோடு போட்டுவந்தார். ஆர்ஜி-23ஏ இரண்டாம் பாகத்தை அடிக்கும் நிரலுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டார்.

"இதை வைங்கம்மா. ஹாடோஸ் ரோடு டிரிப்யூனல்ல 2009-ம் வருஷத்துக் கேஸ் ஒண்ணு இன்னும் நடக்குது. ஜட்ஜ் கேட்டா இந்தப் பக்கத்தைத்தான் காட்டணும்."